குனிந்து நிமிர்ந்த குரல்

கரட்டுப்பாளையத்தில் சௌந்திரத்தின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆறு விசைத்தறிகள் ஒரே நேரத்தில் ஓடும் கொட்டகையில் நின்றுகொண்டு அவள் ஒரு வார்த்தை சொன்னால், கடைசித் தறியில் இருக்கும் அவள் கணவர் காளியண்ணனுக்கு அது பிசிறில்லாமல் கேட்கும். தறிக்காரர்கள் எல்லோருமே சத்தமாகப் பேசிப் பழகியவர்கள்தான். ஆனால் மற்றவர்கள் கத்துவார்கள். சௌந்திரம் கத்துவதில்லை. அவள் பேசினாலே அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி வந்துவிடும்.

நாற்பது வயது வரைக்கும் அந்தக் குரல் தறிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் உழைத்தது. மல்லசமுத்திரம் சுற்று வட்டாரமெல்லாம் வள்ளி கும்மி பரவியபோது, ஊர் மாரியம்மன் கோயில் மைதானத்தில் கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். சௌந்திரம் கூச்சப்பட்டுக்கொண்டு கடைசி வரிசையில் போய் நின்றாள். ஒருநாள் ஆசிரியர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"கடைசி வரிசையில பாடறது யாருங்க அம்மிணி? முன்னால வாங்க."

முன்னால் போனவள் பிறகு பின்வரிசைக்குத் திரும்பவே இல்லை. அந்த ஆசிரியர் வேறு ஊர்களுக்குப் போனதும் அவளே ஆசிரியர் ஆனாள். ஊருக்கு ஊர் ஆண்களே கும்மி ஆசிரியர்களாக இருந்த வட்டாரத்தில், "கரட்டுப்பாளையத்து டீச்சர்" என்று அவளுக்குத் தனியாக ஒரு பெயர் வந்தது. தறிக்குப் போகிறவர்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், தபால்காரம்மா என்று எல்லோரும் அவளிடம் கும்மி கற்றார்கள்.

வள்ளி கும்மியில் ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்து பாடுவதில்லை. ஆடுகிறவர்களுக்கு நடுவே தானும் ஆடிக்கொண்டு, கழுத்தோரம் மாட்டிய மைக்கில் வள்ளி பிறந்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் முழுக் கதையையும் பாட வேண்டும். இடுப்பை மடக்கிக் குனிந்து தரையோரம் ஒரு தட்டு, நிமிர்ந்து தலைக்கு மேலே ஒரு தட்டு, சுற்றி ஒரு தட்டு. இதையே ஊர் கூடிப் பார்க்கும் ஓர் அரங்கேற்றத்தில் ஆயிரம் தடவையாவது செய்தாக வேண்டும். சேலை அவிழக்கூடாது என்பதற்காகப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி, அதன் மேல் ஒட்டியாணமும் போடுவார்கள்.

தொந்தரவு முதலில் வயிற்றில்தான் தொடங்கியது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொள்ளும். ஏப்பம் வந்துகொண்டே இருக்கும். நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரியும். சில சமயம் குனியும்போது புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வந்து, வாய் கசந்துபோகும்.

"கேஸுதான் புள்ள. இதுக்குப் போயி ஆசுபத்திரியா" என்பார் காளியண்ணன்.

மனைவி மேல் அவருக்குப் பிரியம் அதிகம். அதனால் தினமும் பெட்டிக்கடையிலிருந்து ஒரு பன்னீர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். குடித்ததும் ஒரு பெரிய ஏப்பம் வரும், கொஞ்சம் இலேசாக இருக்கும், அரைமணியில் மறுபடி உப்பும். மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை வாங்கி, எரிச்சல் வருகிறபோது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வாள். ஓமத்தண்ணீர், சீரகத்தண்ணீர், இஞ்சிச் சாறு என்று யார் எதைச் சொன்னாலும் குடித்தாள்.

பிறகு குரல் கரகரத்தது. காலையில் எழுந்ததும் ஆண்குரல் மாதிரி கட்டையாக வரும். தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கும். செருமிச் செருமி அதைத் தள்ளப் பார்ப்பாள், அது நகராது. கும்மிப் பெண்கள் பதறிப்போனார்கள். பயிற்சிக்கு வருகிறபோது ஆளுக்கொரு நாள் முறைவைத்து, மஞ்சளும் மிளகும் போட்ட பால் ஒரு பெரிய சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சௌந்திரம் பக்தியோடு அதைக் குடித்தாள். அதுவும் போதாமல் புதினா மிட்டாயை நாளெல்லாம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள்.

அவள் குரல் உடைந்தது சங்ககிரிப் பக்கத்து ஊர் ஒன்றின் அரங்கேற்றத்தில். மைதானம் நிறையக் கூட்டம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் விழாக்காரர்கள் வற்புறுத்தி வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டிருந்தார்கள். வள்ளி தினைப்புனம் காக்கிறாள், முருகன் கிழவனாக வந்து அவளிடம் தேனும் தினைமாவும் வாங்கித் தின்கிறான், தின்றதும் விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறான். அந்த இடத்தைப் பாடிக்கொண்டே சௌந்திரம் குனிந்தாள். புளித்த தண்ணீர் ஒரே எழும்பலாக எழும்பி வந்தது. அதை விழுங்கப் போனவளுக்கு ஏப்பம் ஒன்று வெடித்து, மைக் வழியாக நான்கு ஒலிபெருக்கியிலும் ஒலித்தது.

கூட்டம் அதைக் கிழவனின் விக்கல் என்றே நினைத்துக்கொண்டது. அப்படி ஒரு சிரிப்பு, அப்படி ஒரு விசில். சௌந்திரம் சமாளித்து அடுத்த அடியை எடுக்க வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். ஓட்டைத் துருத்தி மாதிரி ஒரு சீறல். பின்னால் இருந்த பெண்கள் கொஞ்ச நேரம் கைத்தட்டலை விடாமல் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு வரிசை தடுமாறி, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். விழாக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"பரவால்லீங்க டீச்சர், நீங்க செத்த நேரம் உக்காருங்க. பாட்டு செல்லுல இருக்குது, அதைப் போட்டு ஆடிக்கலாமுங்க."

தான் அங்கே இருக்கும்போதே, யாரோ ஒருவருடைய பதிவு செய்த குரலுக்குத் தன் பெண்கள் ஆடுவதைச் சௌந்திரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த வாரமே இரண்டு ஊர்க்காரர்கள் போன் செய்து, "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க டீச்சர், ஒடம்பைப் பாருங்க" என்றார்கள்.

அவள் மனதில் இருந்த பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. தொண்டையில் உருண்டை, குரல் போய்விட்டது என்றால் அது என்ன வியாதியாக இருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காளியண்ணனும் அதையேதான் நினைத்தார் போலிருக்கிறது. சோடா வாங்கப் போகாமல் ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்பு புள்ள. திருச்செங்கோட்டுல தொண்டை டாக்டரைப் பாத்துப்போட்டு வந்தர்லாம்."

தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"கட்டி எதுவும் இல்லைம்மா" என்றார் அவர்.

காளியண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பிரச்சினை தொண்டையில ஆரம்பிக்கலை. கீழே வயித்துல இருந்து அமிலம் ஏறி வந்து தொண்டையைச் சுடுது. நீங்க வயிறு பாக்கற டாக்டர்கிட்ட போகணும்."

அப்படித்தான் அவர்கள் சேலத்தில் டாக்டர் ஜெயப்பிரியாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எடுத்தவுடன் மருந்து எழுதாமல், நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டார்.

"ராத்திரி எப்ப சாப்பிடுவீங்க?"

"பயிற்சி முடிஞ்சு ஊட்டுக்கு வரவே பத்து மணி ஆயிருமுங்க. அதுக்கப்புறம் சோத்தைத் தின்னுபோட்டுப் படுத்தர்றதுதான்."

"உடனேயா?"

"காலையில தறிக்குப் போகோணுமுங்களே."

"தொண்டைக்கு ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

சௌந்திரம் பாலைச் சொன்னாள். புதினா மிட்டாயைச் சொன்னாள். காளியண்ணன் இடையில் புகுந்து, "சோடாவுந்தானுங்க. அது நான் வாங்கித் தாரதுங்க" என்று ஒப்புக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. எடை குறைந்திருக்கிறதா, சோறு விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்றெல்லாம் கேட்டார். எதற்கும் இல்லை என்றாள். இருந்தாலும் குரல் போகிற அளவுக்கு வந்துவிட்டதால் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லி, மறுநாள் வெறும் வயிற்றோடு வரச்சொல்லி எண்டோஸ்கோப்பி செய்தார்.

பார்த்து முடித்த பிறகு திரையில் படத்தைக் காட்டி விளக்கினார். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு கதவு மாதிரி தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். சௌந்திரத்துக்கு அது தொளதொளத்து, இரைப்பையின் ஓர் ஓரம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கதவுக்கு மேலே குழாயில் புண்கள்.

"வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தாலும் ஏறும். இடுப்பை இறுக்கிக் கட்டிட்டுக் குனிஞ்சாலும் ஏறும். சோடா வயித்தை இன்னும் ஊத வைக்கும். புதினா அந்தத் தசையை இன்னும் தளர்த்தும். நீங்க தொண்டைக்குன்னு செஞ்சதுல பாதி தொண்டையைக் கெடுத்திருக்கு."

சௌந்திரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது. "அப்ப இனிக் குனியவே கூடாதுங்களா? கும்மி போச்சுங்களா?"

"கும்மி போச்சுன்னு நான் சொல்லலையே. எப்படிக் குனிவீங்க, காட்டுங்க."

அந்தச் சின்ன அறையில் சௌந்திரம் எழுந்து நின்று, சேலையைச் செருகிக்கொண்டு, பாட்டில்லாமல் ஓர் அடி ஆடிக் காட்டினாள். டாக்டர் இன்னொரு தடவை ஆடச் சொன்னார்.

"நீங்க வயித்தை ரெண்டா மடிக்கறீங்க. வயித்தை மடிக்காம, முட்டியை மடக்கி இறங்க முடியுமா?"

சௌந்திரம் செய்து பார்த்தாள். முதுகு நேராக இருந்தது. தொடை வலித்தது. ஆனால் கை தரையோரம் வரைக்கும் போனது.

"முடியுமுங்க. ஆனா பழகோணும்."

"பழகுங்க. எல்லாத்தையும் அப்படித்தான் பழகணும்."

எரிந்தால் மாத்திரை என்ற கணக்கு அன்றோடு முடிந்தது. தினமும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஒன்று, காலையும் மாலையும். சாப்பிட்ட பின் குடிக்க ஒரு மருந்து. ராத்திரிச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால். கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் உயர வேண்டும், தலையணையை அடுக்கினால் போதாது. வயிறு உப்புவதற்குப் பால்தான் காரணமா என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்க வேண்டும், மோர் குடிக்கலாம். கொஞ்ச நாள் பாடக் கூடாது. பேசவும் கூடாது, கிசுகிசுத்தால்கூடத் தொண்டைக்குச் சிரமம்.

"தொண்டை ஆறறதுக்கு வயித்தை விட அதிக நாள் ஆகும். அவசரப்பட்டுப் பாடிடாதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் காளியண்ணன் தறியில் கழித்துப்போட்ட மரத்தில் இரண்டு கட்டைகளை அறுத்து, கட்டில் கால் பொருந்துகிற மாதிரி நடுவில் குடைந்து, தலைமாட்டுக்கு முட்டுக்கொடுத்தார். முதல் சில நாட்கள் இருவரும் விடிவதற்குள் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்துவிட்டார்கள். பால் நிறுத்திய வாரமே வயிற்று உப்பல் பாதிக்கு மேல் அடங்கியது. சொம்பு சொம்பாக அன்போடு கொடுத்த பாலா இந்தப் பாடு படுத்தியது என்று அவளால் நம்பவே முடியவில்லை.

சாப்பாட்டு நேரம்தான் பெரிய மல்லுக்கட்டாக வந்தது. ராத்திரி எட்டு மணிக்குத் தொடங்கும் பயிற்சியைச் சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றினால்தான் எல்லாம் சரியாக வரும். ஆட்டம் முடிந்து வந்து சாப்பிட்டு, படுக்கும் வரைக்கும் வேண்டிய இடைவெளி கிடைக்கும். ஆனால் ஐந்தரைக்குத் தறி ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத்து ஆட்கள் வீடு திரும்பி உலை வைக்கும் நேரம்.

மைதானத்தில் எல்லோரையும் கூட்டி, பேசக்கூடாது என்பதால் காளியண்ணனை விட்டே சொல்லச் சொன்னாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் முணுமுணுப்பு எழுந்தது.

"அந்நேரத்துக்கு எப்படீங்க வாரது? சோறாக்க வேண்டாமா?" என்றாள் தபால்காரம்மா.

சாலம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிறவள், ஐம்பது வயது, வரிசையில் இருப்பதே தெரியாமல் ஆடிவிட்டுப் போகிறவள். அவள் எழுந்து நின்றாள்.

"எனக்கும் அதே நெஞ்செரிச்சல்தானுங்க. பத்து மணிக்குமேல தின்னுபோட்டுப் படுத்தா, விடியிற மட்டும் காந்துது. வெளிய சொல்ல வெக்கம். ஏப்பம் விட்டுக்கிட்டுக் கெடக்கறதைப் போயி ஆருகிட்டச் சொல்றது?"

அதற்குப் பிறகு ஒருத்தி, இன்னொருத்தி என்று வாயைத் திறந்தார்கள். கேட்கக் கேட்கச் சௌந்திரத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. சங்ககிரிப் பக்கம் தான் பட்ட வெட்கத்தை, பாதிப் பேர் தனித்தனியாகத் தத்தம் வீட்டில் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அன்றைக்கே ஐந்தரை என்று முடிவானது. சோறு? "ஊட்டுல இருக்கற ஆம்பளைங்களுக்கு ஒல வெக்கத் தெரியாதா" என்று சாலம்மாள் கேட்டாள். காளியண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே தறியை நிறுத்திவிட்டு அரிசி களைந்தார். முதல் வாரச் சோறு குழைந்தே இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

பாட்டுக்கு என்ன செய்வது? செல்போனில் பாட்டுப் போட்டு ஆடச் சௌந்திரத்துக்கு மனம் வரவில்லை. விசிலை ஊதி அடியை நடத்தினாள், பாடுவதற்கு யாராவது முன்னால் வாருங்கள் என்று சைகை காட்டினாள். கல்லூரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்க, சாலம்மாள் நின்ற இடத்திலிருந்தே எடுத்தாள். முழுக் கதையும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. கனத்த குரல், மண் வாசனை மாதிரி கீழே தங்கி நிற்கிற குரல்.

நன்றாக இருந்தது. அந்த நல்லது சௌந்திரத்தின் வயிற்றில் ஓர் எரிச்சலைக் கிளப்பியது, அதற்கு மாத்திரை கிடையாது. தன் இடம் போய்விட்டது என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். காளியண்ணன் தட்டை முன்னால் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "ஆறு தறி ஓடற கொட்டாயில ஒண்ணு ஓடறதுனால இன்னொண்ணு நின்னு போகுமா?"

மறுநாள் சாலம்மாளின் அருகில் நின்று, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று கையை உயர்த்திக் காட்டினாள். அன்றிலிருந்து சைகையிலேயே சாலம்மாளைப் பாட்டில் தேற்றுவது அவள் வேலையாகிவிட்டது. இடையில் எல்லோருக்கும் முட்டியை மடக்கிக் குனிகிற புது அடியைப் பழக்கினாள். முதல் பத்து நாட்கள் தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். பிறகு பார்த்தால், முதுகு நேராக இருக்க எல்லோரும் ஒரே மட்டத்தில் இறங்கி ஏறுவது முன்பைவிட அழகாக இருந்தது. நாடாவையும் வயிற்றிலிருந்து இறக்கி இடுப்பெலும்பில் கட்டச் சொன்னாள். ஒட்டியாணம் வேண்டாம் என்றாள்.

எரிச்சல் நின்றது. புளி ஏப்பம் நின்றது. குரலும் மெல்லத் தெளிந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் அவள் ஒரு தப்புப் பண்ணினாள். நன்றாகிவிட்டதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு, சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையில் சொந்தக்காரர் வீட்டுக் கறி விருந்துக்குப் போனாள். மேச்சேரி ஆட்டுக்கறி. அத்தனை நாள் பத்தியத்துக்கும் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிட்டு, அங்கேயே பாயில் படுத்துவிட்டாள். இரண்டே நாளில் குரல் மறுபடி கட்டிக்கொண்டது.

டாக்டர் ஜெயப்பிரியா முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"நல்லாயிருச்சுன்னு நிறுத்திட்டீங்க. எல்லாரும் பண்றதுதான்" என்றார் டாக்டர். "புண்ணு ஆற ஆரம்பிச்சிருக்கு, ஆறி முடியலை. மாத்திரையை எப்ப குறைக்கறதுன்னு நான் சொல்றேன். கறி சாப்பிடுங்க, ஆனா அளவா, மத்தியானத்துல."

"எனக்குப் பங்குனி உத்திரத்துக்கு அரங்கேற்றம் இருக்குதுங்க டாக்டர்."

"பாடுவீங்க" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். சௌந்திரம் அந்த ஒற்றைச் சொல்லைப் பேருந்தில் வரும் வழியெல்லாம் மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பங்குனி உத்திரத்தன்று சொந்த ஊர் மைதானத்தில் அரங்கேற்றம். வழக்கமாக எல்லா ஊரிலும் ராத்திரிதான் தொடங்குவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குத் தொடங்குகிறோம் என்று அவள் சொன்னபோது ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். வெயில் தாழாத நேரத்தில் யார் வருவார்கள் என்றார்கள். வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள், வயசானவர்கள், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய வெளியூர்க்காரர்கள், ராத்திரி ஆட்டம் என்றால் வர முடியாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். கோழிப்பண்ணை வண்டியிலும் மினி லாரியிலும் ஏறிக்கூட வந்தார்கள். மைதானத்தைத் தாண்டி ரோட்டோரம் வரைக்கும் கூட்டம் நின்றது.

சௌந்திரம் மூன்று மணிக்கே இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தாள். அரக்குச் சேலையில் அறுபது பெண்கள் வட்டம் வட்டமாக நின்றார்கள். நடு வட்டத்தில் அவளும் சாலம்மாளும், ஆளுக்கொரு மைக். வேறெந்தக் குழுவிலும் இல்லாத மாதிரி இரண்டு ஆசிரியர், இரண்டு குரல்.

வள்ளிக்கிழங்குக் குழியில் குழந்தை கிடைத்ததைச் சாலம்மாள் பாடினாள். குழந்தை வளர்ந்து தினைப்புனத்துக்குப் போவதைச் சௌந்திரம் எடுத்தாள். முதல் அடியில் குரல் கொஞ்சம் நடுங்கிற்று. இரண்டாவது அடியில் நின்றது. மூன்றாவது அடியில் ஏறியது. ஏறினதும், ரோட்டோரம் நின்றவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பினார்கள். முட்டியை மடக்கி இறங்கினாள், தரையோரம் ஒரு தட்டு, ஏறினாள், தலைக்கு மேலே ஒரு தட்டு. அறுபது பெண்களும் ஒரே உடம்பு மாதிரி அவளோடு இறங்கி ஏறினார்கள். வேடன் வந்தான், வேங்கை மரம் வந்தது, கிழவன் வந்தான். கிழவன் தினைமாவு தின்று விக்கி, தண்ணீர் கேட்டு, வள்ளி அவனைக் கூட்டிக்கொண்டு சுனைக்குப் போனாள். யானை துரத்தியது. வேகமான அடி. தூசி முழங்கால் வரைக்கும் எழுந்தது.

யானைப் பாட்டின் நடுவில்தான் சௌந்திரத்துக்கு உறைத்தது. கிழவனின் விக்கலை எப்போதோ கடந்து வந்துவிட்டோம். அந்த இடம் வரப்போகிறது என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டு இருந்தாள். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பாடிக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு குரலில் கலந்து, யானைக்குப் பயந்து ஓடும் வள்ளி சிரித்துக்கொண்டே ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் கைதட்டியது.

கல்யாணப் பாட்டை இருவரும் சேர்ந்து பாடினார்கள். சாலம்மாள் கீழே நிற்க, சௌந்திரம் மேலே போனாள். முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "யானைப் பாட்டு இன்னொரு தடவ பாடுங்க டீச்சர்" என்றது. பத்துக் குரல், நூறு குரல் அதையே சொன்னது. சௌந்திரம் தன் பெண்களைப் பார்த்தாள். எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது, ஒருத்தியும் உட்கார இடம் தேடவில்லை.

"பாடிரலாமுங்களா அக்கா?" என்று சாலம்மாளைக் கேட்டாள்.

"பாடு அம்மிணி. எனக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருக்குது."

மறுபடி பாடினார்கள். முன்னைவிட வேகமாகப் பாடினார்கள். முடிந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. மூன்று ஊர்க்காரர்கள் அங்கேயே தேதி கேட்டு நின்றார்கள். "ரெண்டு டீச்சரும் வரோணும், சாயங்காலமே ஆரம்பிச்சிருங்க" என்றார் ஒருவர். காளியண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்த மைக் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்றார்.

அந்த வருடம் ஐப்பசிக்குள் அவர்கள் பதினோரு ஊரில் ஆடினார்கள். சாலம்மாளையும் இன்னும் நான்கு பேரையும் சௌந்திரமே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்க்க வைத்தாள். ஒருத்திக்கு வெறும் சாப்பாட்டு நேரக் கோளாறுதான், மருந்தே வேண்டியிருக்கவில்லை. ஒருத்திக்கு வயிற்றில் கிருமி இருந்தது, இரண்டு வார மருந்தில் சரியானது. சௌந்திரத்துக்கு மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து, எப்போதாவது தேவைப்பட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். கதவு தொளதொளப்பாகத்தான் இருக்கும், அது அப்படியே இருக்கட்டும், நீங்கள் அதற்கு ஏற்ற மாதிரி இருக்கப் பழகிவிட்டீர்கள் என்றார்.

கார்த்திகையில் நாமக்கல்லில் பல ஊர்க் குழுக்கள் சேர்ந்து ஒரே மைதானத்தில் கும்மி அடித்தார்கள். எத்தனையோ நூறு பெண்கள், ஆண்கள். எல்லாக் குழுவுக்கும் சேர்த்து ஒரு பாட்டை யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது, வயதில் மூத்த ஆசிரியர் ஒருவர், "கரட்டுப்பாளையத்து அம்மிணிங்க நடத்தட்டும். அவங்க குனியற அழகைப் பாத்து மத்தவங்க பழகிக்கட்டும்" என்றார். சௌந்திரமும் சாலம்மாளும் நடுவில் போய் நின்றார்கள். விசில் ஒலித்தது. சௌந்திரம் முட்டியை மடக்கி இறங்கிப் பாட்டை எடுத்தாள்.